கருவிப் பிழை

வியாசர்பாடியில் நாற்பத்தொரு வீடுகள்.
பாதிக்கு மேல் கல்நார்த் தகடு, மிச்சம் தகரம்.
தீப்பெட்டி அளவுக் கருவி,
வீட்டுக்கு ஒன்றாக ஆணியடித்துத் தொங்கவிட்டேன்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
பச்சையாய்க் கண்சிமிட்டி
வெப்பத்தை எழுதிக்கொள்ளும், ஈரப்பதத்தை எழுதிக்கொள்ளும்.
"கேமராவா?" என்றாள் அமுலு.
இல்லை என்றேன்.
"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அக்கினி நட்சத்திரம் முழுக்கத் தொங்கியது.
கடற்காற்று இரண்டரை மணிக்குக் கிளம்பி
பேசின் பாலம் ஏறுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும் ஊரில்
இரவு பதினொன்றுக்கு
அமுலு வீட்டுக்குள் முப்பத்தாறு புள்ளி நான்கு.
நல்ல தரவு என்று நோட்டில் குறித்தேன்,
பக்கத்தில் நட்சத்திரம் போட்டு.

கட்டுரை வெளியானது.
எழுதியதற்கு எனக்குக் காசில்லை.
சரிபார்த்த மூவருக்கும் இல்லை.
கூரையைக் கொடுத்தவளுக்கு
ஒரு எவர்சில்வர் டப்பா.
படிப்பதற்கு விலை முப்பத்தொன்பது டாலர், தொண்ணூற்றைந்து சென்ட்.
அந்தக் காசில் அவள் கூரைக்கு
ரெண்டு கை சுண்ணாம்பு அடிக்கலாம்.
எல்லாருக்கும் திறந்துவைக்கவும் வழி உண்டு:
எழுதியவளே கட்டவேண்டும், மூவாயிரம் டாலர்.
அதில் தெருவுக்கே அடிக்கலாம்.

இந்தக் கணக்கைப் போட்டது நானல்ல, டில்லிபாபு.
கூரைப் பூச்சுக்கு ஆள் கூட்டிப்போகிறவர்.
"எந்தப் பூச்சு நிக்குதுன்னு அளந்தீங்களே மேடம்,
அந்தப் பேப்பரை அனுப்புங்க."

தேடினேன்.
கல்லூரியின் சந்தா மார்ச்சோடு முடிந்திருந்தது.
என் பெயர் தெரிந்தது.
சுருக்கம் தெரிந்தது.
நான்காம் அட்டவணைக்கு
அட்டை எண் கேட்டது.

படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை
அன்றிரவுதான் படித்தேன், இன்வெர்ட்டர் வெளிச்சத்தில்.
ஏழாம் பக்கம், பொடி எழுத்து:
அச்சுக்கோப்பதற்கு முந்தைய பிரதியை
ஆசிரியர் தம் நிறுவனக் களஞ்சியத்தில்
இலவசமாக வைக்கலாம்.
வைக்கலாமாம்.
ஒன்றரை வருடமாக வைத்திருக்கலாமாம்.

கட்டுரையோடு மூல எண்களையும் வைப்போமென்று
கோப்பைத் திறந்தால் பதினேழாம் வீடு இடித்தது.
ஒவ்வொரு நாளும் இரண்டு புள்ளிகள்:
வெப்பம் சடாரென்று இறங்கும்,
ஈரப்பதம் எகிறும்.
கருவிப் பிழை என்று நீக்கியிருந்தேன்.
மூவரில் ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை.

அமுலுவிடம் கேட்டேன்.
சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள்.
"குளிச்சிட்டு வந்து புடவை மாத்துவேன்ல,
அந்தத் துண்டைத்தான் அது மேல போடுவேன்.
கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்தா?"

இருபத்தாறு நாள், ஐம்பத்திரண்டு எண்கள்.
உலகத்துக்கே தெரியும்படி போடட்டுமா என்று
அப்போதுதான், முதல்தடவையாக,
அவளிடம் அனுமதி கேட்டேன்.
அதற்குமுன் வாங்கியது கையெழுத்து.

அடுப்பைத் தணித்துவிட்டு யோசித்தாள்.
"சூட்டைப் போடு. நல்லாப் போடு,
ஆபீஸ்காரன் பார்க்கட்டும்.
மணியைப் போடாதே."

அந்த எண்களை வரிசையிலிருந்து உருவி
மணியில்லாமல், நாளில்லாமல், கலைத்து
தனித் தாளில் வைத்தேன்.
அடிக்குறிப்பு: கருவிப் பிழை அல்ல. ஈரத் துண்டு.

முதல் வாரம் பதினொரு பேர் இறக்கியிருந்தார்கள்.
யார் யாரென்று தெரியாது, ஒருவரைத் தவிர:
நான்காம் அட்டவணையைப் போனில் பெரிதாக்கி
வட்டம் போட்டு அனுப்பியிருந்தார் டில்லிபாபு.
"சுண்ணாம்புதான்னு நான் அன்னிக்கே சொன்னேன்.
இதுக்கா இவ்ளோ எழுதினீங்க?"

பதினேழாம் வீட்டில் கூரை மாறவில்லை.
மனு போயிருக்கிறது, அட்டவணையோடு.
கருவி தொங்கிய ஆணியில்
துண்டு காய்கிறது.