வாடை

பத்மநாபபுரம் கோர்ட்டில்
வெள்ளிக்கிழமை குறுவழக்குகளுக்கு.
ஹெல்மெட் போடாதவர், பைக்கில் மூன்று பேராய் வந்தவர்,
ஒருவழிப் பாதையில் எதிரே ஏறியவர்,
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சீட்டு விளையாடியவர்
எல்லாருக்கும் ஒரே வராந்தா.
பெயர் கூப்பிட ஏறி, தலையாட்டி,
அபராதம் கட்டி இறங்க
ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

என் கட்சிக்காரர் ரசாலம் மட்டும்
தலையாட்ட மாட்டேன் என்றார்.
"ஹெல்மெட் இல்ல, அது உள்ளது வக்கீலம்மா.
அதுக்க காச எடுத்து வச்சிருக்கேன்.
குடிச்சேன்னு எழுதினத மட்டும் அடிக்கணும்."

ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடியும்,
வழக்கு நடத்தினால் என் ஃபீஸ்தான் அபராதத்தைவிட அதிகம் என்று
இரண்டு முறை சொன்னேன்.
மூன்றாம் முறை சொல்ல வெட்கமாயிருந்தது.

விடிகாலை மூன்று மணி, குலசேகரத்துக்கு மேலே ஒரு வளைவு.
நெற்றியில் கட்டிய விளக்கோடு
பால் வெட்டப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.
விளக்கின் மேல் ஹெல்மெட் ஏறாது.
நிறுத்திய எஸ்.ஐ.யின் கண்ணில் வெளிச்சம் அடித்திருக்கிறது.
குற்றம் அங்கேயே பிறந்திருக்க வேண்டும்.
தாளில் எழுதியது வேறு:
மது வாடை வீசியது,
பொது இடத்தில் பொதுமக்களுக்கு இடையூறு.

ஆறு வாய்தா.
மழை பெய்த வாய்தாவுக்குச் சிரித்த முகத்தோடு வருவார்,
அன்றைக்கு எப்படியும் வெட்டு கிடையாது.
வெயிலடித்த நாளில்
வராந்தாவில் நின்றபடி வானத்தையே பார்ப்பார்.

ஏழாவதில் எஸ்.ஐ. கூண்டேறினார்.
ஊதச் சொன்னீர்களா?
கருவி பழுது.
ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்களா?
இல்லை.
இடையூறு என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு?
பொதுமக்களுக்கு.
மூன்று மணிக்கு அந்த வளைவில் யார் இருந்தார்கள்?
ரப்பர் மரங்கள், என்று பின்பெஞ்சில் யாரோ முணுமுணுக்க
நடுவர் பேனாவால் மேசையைத் தட்டினார்.
வாடையை வைத்துத்தானே முடிவு செய்தீர்கள்?
ஆமாம். எனக்கு வாடை தெரியும்.

பையிலிருந்து எடுத்தேன்.
இரண்டு கவர் போட்டுக் கட்டிய ஒட்டுப்பால் உருண்டை,
நான்கு நாள் வயசு.
முதல் முடிச்சை அவிழ்த்ததும் டைப்பிஸ்ட் கை நின்றது.
இரண்டாம் முடிச்சில்
கிளார்க் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.
போதும், கட்டுங்கள், கட்டுங்கள் என்றார் நடுவர்,
கைக்குட்டைக்குள்ளிருந்து.
கேள்வியை நான் கேட்கவேயில்லை.

ஹெல்மெட்டுக்கு அபராதம்.
மற்றதில் விடுதலை.

தீர்ப்பின் நகல் கிடைக்குமா என்று கேட்டார் ரசாலம்.
எதற்கு, யாரிடம் காட்ட?
"ஆருக்கும் இல்ல. எனக்குத்தான்."
ஸ்டாம்ப் ஒட்டின மனுவில் விரலால் தடவிக்கொண்டே
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
"பதினொண்ணு வருசத்துக்கு முன்ன எழுதியிருந்தா
அது நியாயம் வக்கீலம்மா.
அப்ப ஒருத்தனும் என்ன நிறுத்தேல."

தக்கலையில் பஸ் ஏறினேன்.
கவரைக் கோர்ட் குப்பையில் போட்டுவிட்டேன்,
கறுப்புக் கோட்டு விடவில்லை.
முன்சீட்டுப் பையன் மூக்கைப் பொத்தினான்.
அழகியமண்டபத்தில் ஏறி அருகில் உட்கார்ந்த பெண்
மீன்கூடையைக் காலிடுக்கில் ஒதுக்கிவிட்டு
ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தாள்.

"ஒட்டுப்பாலா மக்களே?" என்றாள்.
"இப்ப கிலோ என்ன வெல போவுது?"