ஆழம் பார்த்தல்

மருத்துவப் படகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
இந்தத் தீவுக்கு வரும்.
சிலோயேயின் மழை தினமும் வரும்.

முதல் ஆள் பெலார்மினோ.
நாற்காலியில் சாய்ந்தவரை
படகு இடமும் வலமும் ஆட்டுகிறது.
அவருக்குப் பழக்கம்.
எனக்குத்தான் பேனா வழுக்குகிறது.

கோடு போட்ட மெல்லிய கம்பியை
ஈற்றின் ஓரமாய் இறக்கி
டாக்டர் யாஸ்னா எண் சொல்கிறாள், எழுதுகிறேன்.
மூன்று. இரண்டு. மூன்று.
இரண்டு. இரண்டு. மூன்று.
மேல்தளத்தில் எலியேசர்
ஈயக்குண்டைக் கயிற்றில் விட்டுத்
தன் பங்குக்குக் கத்துகிறான்:
நாலு பாகம்! மூணரை!
வற்றம் தொடங்கிவிட்டது.
மதியத்துக்குள் கிளம்பாவிட்டால்
சேற்றில் உட்காரவேண்டியதுதான்.
நடுவில் யாருடைய எண்ணை எழுதினேனோ,
அடித்துத் திருத்தினேன்.

"ஆறு" என்கிறாள் யாஸ்னா. "ரத்தம்."

பல் தொடங்கும் இடத்துக்கு ஈறு என்று பெயர்.
முடிவுக்கும் அதே பெயர்.
வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ.

வாயில் பஞ்சோடு அவர் கேட்டார்:
"ஆறு என்ன, பாகமா?"
"மில்லிமீட்டர்."
"அவ்வளவுதானா" என்று சிரித்தவர்
பாதிச் சிரிப்பைக் கையால் மூடினார்.

"அங்கே தேய்ச்சா ரத்தம் வருது,
அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுட்டேன்."
"எப்போதிலிருந்து?"
"மகள் கல்யாணத்திலிருந்து."
மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.
"விட்டதால்தான் வருது" என்றாள் யாஸ்னா,
காறையைச் சுரண்டத் தொடங்கினாள்.
இடுக்கிலிருந்து தெறித்தது
கிளிஞ்சல் பொடி மாதிரி.

கால்களுக்கிடையில் அவருடைய வெந்நீர்க் குடுவை.
விடிகாலை நாலுக்குத் தொடங்கும் மாத்தே
வலை ஏறும்வரை உறிஞ்சிக்கொண்டே.
ஒவ்வொரு நிரப்பலுக்கும் ஒரு கரண்டி சர்க்கரை.
"அதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க."
"எவ்வளவு என்பது அப்புறம்.
எத்தனை தடவை என்று எண்ணுங்கள்.
ஒவ்வொரு வாய்க்கும் பல்மேல் புளிப்பு ஏறும்,
இறங்க அரைமணி ஆகும்.
உங்கள் வாயில் ஏற்றம் மட்டும்தான்,
வற்றமே இல்லை."
குடுவையைக் காலால் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

பல்லிடுக்கு நூலைக் கொடுத்தாள்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"இதுல ஒரு நெத்திலி நிக்காது" என்று தீர்ப்பு.
பிறகு நாற்பது வருடம் வலை பொத்திய விரல்கள்
கண்ணாடிகூடக் கேட்காமல்
கடைவாய்வரை போயின.
பல்லை அணைத்து ஒரு வளைவு,
மேலே, கீழே,
அடுத்த கண்ணி.
யாஸ்னா என்னைப் பார்த்தாள்.
நாங்கள் இருவரும் ஒருநாளும்
இவ்வளவு சுத்தமாய்ச் செய்ததில்லை.

ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை.
கீழே, வலது பக்கம், கடைசிக்கு முந்தையது.
"பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்
இவ்வளவு நாளும்" என்றார்.
அந்தப் பல்லைத்தான்.
காகிதத்தில் மடித்துக் கேட்டு வாங்கிக்கொண்டு
மழைக்குள் இறங்கினார்.

அடுத்த வரவில் அதே இடம் நாலு.
ஒரு புள்ளி ரத்தம்.
"சர்க்கரை?"
"விடியக்காலை ஒரு தடவை. அப்புறம் கசப்பு.
பழகிட்டேன்னு பொய் சொல்லமாட்டேன்."

அன்றிரவு, தூக்கத்துக்கு முந்திய அவசரத்தில்,
எப்போதும்போல் முப்பது நொடியில்
தேய்த்துத் துப்பினேன்.
வெள்ளை நுரையில்
ஓர் இளஞ்சிவப்பு இழை.
குழாயைத் திறந்தால் போய்விடும்.
இத்தனை நாள் போயிருக்கும்.

காலை அட்டவணையில் முதல் வரிக்கு மேல்
கொஞ்சம் இடம் இருந்தது.
பென்சிலால் எழுதினேன்:
ரோமினா பாரியா. இருபத்தாறு வயது.
படகு உதவியாளர்.
வலி என்ற கட்டத்தில்:
இன்னும் இல்லை.