இடப்பக்கம் சாயும் பஸ்

நாக்கை நீட்டுங்கள் என்றேன்.
நீட்டினார் சவிரிமுத்து.
இடப்பக்கம் சரிந்தது அது,
மிதிபலகையில் எட்டுப் பேர் தொங்கும்
மட்டக்குளி பஸ் போல.

உவமை என்னுடையதில்லை.
கொப்பியில் அவரே எழுதிக் காட்டியது.
முப்பத்தொரு வருசம் கண்டக்டர்.
வார்ட் பிளேஸில், பல் ஆஸ்பத்திரியில்,
நாக்கின் இடதோரம் மூன்றிலொரு பங்கை
வெட்டி எடுத்து ஆறு கிழமை.

சுவரில் தோல் உரித்த முகத்தின் படம்.
அவர் விரலை எடுத்து அவர் கன்னத்திலேயே வைத்தேன்.
கடியுங்கள்.
கல்லாய்த் திரள்கிறதே, அது மெல்லும் தசை.
பொட்டில் புடைப்பது அதன் கூட்டாளி.
உள்ளே ஒளிந்திருப்பது இறகு வடிவில் இன்னொன்று.
மூடுவதற்கு இத்தனை பலம்.
திறப்பதற்குச் சின்னத் தசைகள் போதும்,
கொஞ்சம் பூமியும் இழுத்துக் கொடுக்கும்.

அவர் எழுதினார்:
"கதவு நல்லாத்தான் இருக்கு மிஸ்.
உள்ளுக்குத்தான் ஆளில்ல."

கால்வாசி மாரி பிஸ்கட் கொடுத்தேன்.
தாடை அரைத்தது.
அரைபட்டது இடக் கன்னத்துக்குள் விழுந்து
அங்கேயே நின்றுவிட்டது,
இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பயணி.

பல்லுக்குத்தான் பெயர்.
கூட்டத்தை அள்ளிச் சரித்து
உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க என்று
கடைவாய் மேல் ஏற்றி
ஈரமான ஓர் உருண்டையாக்கிப்
பின்கதவால் இறக்குவது நாக்கு.
அதுவும் தாடை மூடித் திறக்கும் இடைவெளிக்குள்,
தான் கடிபடாமல்.

சுண்டுவிரலை விட்டுக்
கன்னத்தை வழித்துக்கொண்டார்,
ஜன்னல் பக்கம் திரும்பியபடி.

பேச்சுக்கு என்னிடம் அச்சடித்த பட்டியல் உண்டு.
மழை. கிழவி. வாழைப்பழம்.
முதல் சொல்லிலேயே அவருக்குச் சிரிப்பு,
கூடவே எச்சில்.
துடைத்துவிட்டு எழுதினார்:
"இது முழு நாக்கு இருக்கும்போதே வந்ததில்ல மிஸ்."

எனக்கும் மேடையில் மட்டும்தான் மழை.
வீட்டில் மளதான்.
பட்டியலை லாச்சிக்குள் போட்டேன்.

உங்கள் பஸ் எங்கிருந்து புறப்படும்?

மட்டக்குளி.
உதடு மூடித் திறக்க 'ம' நகர்ந்தது.
'ட்ட'வுக்கு நுனி பின்னால் மடிந்து
அண்ணத்தில் இடிக்க வேண்டும்;
தையல் இழுக்க, பாதிவழியில் காற்று ஒழுகியது.

கொட்டாஞ்சேனை.
'கொ' அடிநாவில் பிறப்பது,
கத்தி போகாத இடம்,
ஹோர்ன் மாதிரி முழுசாய் வந்தது.
'ஞ்சே'யில் நடுநா எழும்பி ஒட்டிப் பிரிந்தது.
அந்தத் தரிப்பில் கூடுதலாய் நின்றார்.
வீடு அங்கே.

ஆமர் வீதியில் மூச்சு வாங்கினோம்.

அவருக்கு நான் சொல்லாத ஓர் எலும்பு உண்டு.
நாக்கின் அடியில், லாடம்போல்,
வேறெந்த எலும்போடும் மூட்டில்லாமல்
தசைகளில் மட்டும் தொங்குவது.
நாக்கு அதைப் பிடித்துக்கொண்டுதான்
எல்லா வளைவுகளிலும் விழாமல் நிற்கிறது.
சொன்னால் 'கம்பி' என்று எழுதுவார், தெரியும்.

பதினோராவது வியாழன்.
மின்விசிறி வேலைசெய்யவில்லை, கதவைத் திறந்து வைத்திருந்தோம்.
வெளியே வாங்கில்
தாடையைக் கம்பியால் பூட்டிய ஒரு பெண்,
மடியில் எக்ஸ்ரே உறை.

சவிரிமுத்து கண்ணை மூடினார்.
வலது கை தானாக உயர்ந்து
இல்லாத கம்பியைப் பிடித்தது.

மரதான மரதான மரதான!

முதலாவதில் 'ர' இல்லை.
இரண்டாவதில் 'த' வழுக்கியது.
மூன்றாவது வாசலைத் தாண்டிப் போனது.

வாங்கிலிருந்து, பூட்டிய பற்களுக்குள்ளால்,
இறங்க வேண்டியவர்கள் இந்த ஊரில் சொல்லும் சொல்:
"பஹினவா."

சவிரிமுத்து கண் திறக்கவில்லை.
மேசையில் ஒரே ஒருமுறை தட்டினார்,
நிறுத்தச் சொல்லி.