முக்கால் மூட்டை

நேர்ப்பலகை லாச்சி என்றால் ஒரு நாள் வேலை.
குணவதனிக்கு வயிறு தள்ளின முகப்பு வேண்டுமாம்,
நாலு லாச்சி.
பொத்தானுக்கு, சிப்புக்கு, நூலுக்கு.
நாலாவது எதற்கென்று சொல்லவில்லை.
தீபாவளித் தையலுக்கு முன் மாங்குளம் கடைக்கு வந்தாக வேண்டும்,
அதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

வேம்பைச் செங்கல் செங்கலாய் அறுத்து
அடுக்கி ஒட்டி
அட்டையில் வெட்டின வளைவை வைத்து வைத்துப் பார்த்துச்
சீவுளியால் இறக்கினேன்.
கண்ணுக்குச் சரியென்று பட்டது விரலுக்குப் பிழை.
விரலைத்தான் நம்பினேன்.

மேலே முதிரை ஏடு,
ஆறின பாலில் எடுத்த ஆடை.
முதல் லாச்சியில் தொடங்கின சுழி
அடி லாச்சியில் போய் முடியவேண்டும்.
பின்பக்கம் பென்சிலால் இலக்கம் போட்டேன்.

ஒட்டுவதில் மாட்டிக்கொண்டேன்.
மொறட்டுவையில் இதற்கு இயந்திரம் இருந்தது,
காற்றை உறிஞ்சி அழுத்தும்.
இங்கே தட்டைப் பலகை வைத்து இறுக்கினால்
நடு ஒட்டும், இரண்டு ஓரமும் சிரிக்கும்.
மணல் மூட்டைதான் வழியென்று
யூரியாப் பையில் கனகராயன் ஆற்று மணலை அடைத்தேன்,
கழுத்துவரை.

வேலை பார்க்க வந்தவள்
பையைக் காலால் தட்டிப் பார்த்தாள்.
"இது கல்லு. வளையாது.
முக்கால்தான் போடவேணும்."
ஸ்கூட்டியில் போய் ஒரு சேலையோடு வந்தாள்,
கத்தரிப்பூ நிறம், பட்டு,
பாதிச் சேலை.
மற்றப் பாதி எங்கே என்று வாயெடுப்பதற்குள்
இரட்டைத் தையல் ஓடிக்கொண்டிருந்தது,
கையைப் பார்க்காமலே.
ஆறு பை. நூலைப் பல்லால் கடித்து
ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அடித்து
மணலை மூலைக்கு அனுப்பினாள்.
"ஆர் பழக்கினது?"
"எங்கட வயதில இஞ்ச இருந்த ஆரைக் கேட்டாலும் தைப்பினம்.
நீர் அப்ப மொறட்டுவையிலயோ?"
ஓம் என்றேன்.
"பசை காயுது," என்றாள்.

தகரத்தில் ஆவணி வெயில் குடித்த மூட்டைகள்
வளைவின் மேல் பூனைக்குட்டிகளாய்ப் படுத்தன.
மறுநாள் எடுத்தேன்.
ஓரமெல்லாம் பிடித்திருந்தது.
மூன்றாம் முகப்பில் மட்டும்
ஏட்டின் மயிர்க்கீற்றால் பசை கசிந்து
சேலைக்கரை மாங்காய் ஒன்று பதிந்திருந்தது,
சரிகை இழை இழையாய்.
அரத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு
படமெடுத்து அனுப்பினேன், விடவா என்று.
"தேய்ச்சு விடும்.
சனம் கறையெண்டு நினைக்கும்."

தேய்த்தேன்.

கார்த்திகை மழைக்கு மூன்றாவது இறுகிவிட்டது.
போய்ப் பக்கச் சட்டத்தைப் பார்த்து
அரை நூல் சீவினால் போதும் என்றேன்.
"என்ன நூல், பருத்தியோ?" என்று சிரித்தாள்.
பூச மெழுகு கேட்டேன்.
நாலாவதைத் திறந்தாள்.
ஆறு பையும்
மணல் உதறி, மூலைக்கு மூலை மடித்து.
மெழுகுதிரி அதற்கு அடியில்.