வரம்புக்குள்

பாபநாசத்திலிருந்து மூன்று பொட்டலம் வந்தது:
மைதா, ஆட்டா, தவிடு.
பழைய காலண்டர் தாளில் மடித்து
நூல் சுற்றியிருந்தார் மில்லுக்காரர் சௌரிராஜன்.
அச்சு மையில் என்னென்ன இருக்குமோ,
திருப்பி அனுப்பிவிட்டேன்.
மறுநாள் எட்டரைக்கே புதுப் பைகளோடு
அவரே வந்து நின்றார்,
காலர் மடிப்பில் வெள்ளையாய் மாவு.

கோதுமைக்கென்று இந்தப் பக்கம்
ஒரு மா நிலம் கிடையாது.
மாவுக்கு மட்டும் வரிசை.
தெருவுக்குப் பத்துப் பேர் சர்க்கரைக்காரர்கள்,
நானும் ஒருத்தி.

அரை கிராம் நிறுத்து, அமிலம் ஊற்றி,
மூடி திருகிச் சூட்டில் வைத்தால்
நாற்பது நிமிஷத்தில் தவிடு
தண்ணீராய்த் தெளிந்துவிடும்.
உள்ளே எந்த ஊரின் மண் என்று
கண்ணுக்குத் தெரியாது.

எந்திரம் படித்தது:
தவிட்டில் இரும்பு, மைதாவைப்போல் ஒன்பது பங்கு.
துத்தநாகம், மாங்கனீசு, தாராளமாய் மக்னீசியம்.
அதே மூச்சில், குரல் மாறாமல்,
காட்மியம்.
கொஞ்சம் ஈயம்.
தோலுக்கு ஆள் பார்க்கத் தெரியாது,
வேர் கொடுத்ததையெல்லாம்
வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது.
மைதா சுத்தம்தான்,
எல்லோரும் காலிசெய்து போன வீடு
சுத்தமாய் இருப்பதுபோல.

"வரம்புக்குள்ளதானே மேடம்?"
உள்ளேதான்.
ஆனால் வரம்பு என்றால் என்னவென்று
வயல் வைத்திருக்கும் அவருக்குத் தெரியும்.
நண்டு துளைபோடும்.
ராத்திரியில் கசியும்.

தவிட்டின் ஈயம் மட்டும்
எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.
"அரைக்க முன்னாடி நனைப்பீங்களா?"
"முதநாள் சாயங்காலமே தெளிச்சு வெச்சிடுவோம்.
போர் தண்ணிதான்."

எங்கோ விளைந்து, கூட்ஸ் வண்டியில் வந்து,
நம் ஊரை அந்தக் கோதுமை குடித்தது
ஒரே ஒரு ராத்திரி.

"அந்தத் தண்ணியும் ஒரு பாட்டில் வேணும்."
அவர் பையின் வாயைத் திருகினார், அவிழ்த்தார்,
மறுபடி திருகினார்.
"மைதாவுக்கு மட்டும் எழுதிக் குடுங்களேன்.
தவிடு மாட்டுக்குத்தானே போவுது."

நான் பதில் சொல்லவில்லை.
ஒன்றுமே போடாத குழாய் ஒன்றையும்
எப்போதும் கூடவே ஓட்டுவோம்,
அமிலமும் தண்ணீரும் மட்டும்.
அன்று அதிலும் ஒரு நூல் ஈயம்.
அறையின் தூசியோ, என் கையுறையோ,
வல்லம் சாலையில் போன லாரியோ.
அதைக் கழித்துவிட்டுத்தான்
மற்றவர்கள் கணக்கை எழுதுகிறோம்.

ராத்திரி சப்பாத்திக்கு மாவு சலித்தேன்.
சல்லடையில் அரைப்பிடி தவிடு நின்றது.
குப்பைக் கூடைவரை கொண்டுபோனேன்.
திரும்பி வந்து
மாவிலேயே தட்டினேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரு பாட்டில் வந்தது.
கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார்.
கழுத்துவரை நிரப்பி, மூடிமேல் டேப் ஒட்டி,
பேனாவால் அழுத்தி எழுதியிருந்தது:
"நாங்களும் இதத்தான் குடிக்கிறோம்."

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
தெளிவாகத்தான் இருந்தது.