கைதட்டுக் கூலி

அறுபது ரூபாய், தக்காளிச் சாதம்,
போகவர வேன்.
பள்ளிபாளையத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த எங்களில்
பதினெட்டுப் பேரைப்
பெருந்துறைப் பக்கம் ஒரு பருத்திக் குடோனுக்கு
ஏற்றிப் போனார்கள்,
கைதட்ட.

'ஒறம்பரை வந்தாச்சு.'
ஞாயித்துக்கிழமை பொழுதோட ஏழு மணி.
அந்த அரைமணி நேரம்
எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது.
ஓடினால் டிவியில் கோடு கோடாக விழும்,
அதற்காகவும்தான்.

நல்ல சேலையில்தான் போயிருந்தோம்.
சம்பூரணம் தீபாவளிக்கு எடுத்த பூனத்தில்,
நான் புதுக் கைக்கடிகாரத்தோடு.
உடுப்புக்காரப் பையன் தலையில் அடித்துக்கொண்டான்:
"ஏம்மா, கிராமத்து ஆளுங்க மாதிரி வரச் சொன்னா..."
ஆளுக்கொரு கண்டாங்கி கொடுத்தான்.
மூக்குக் குத்தாதவர்களுக்கு ஒட்டுகிற மூக்குத்தி.
கடிகாரங்களை மட்டும் மஞ்சப்பையில் வாங்கி
முடிச்சுப் போட்டு வைத்தான்.

கிணறு, தெர்மாகோல்.
சம்பூரணம் எட்டிப் பார்த்து
"தண்ணி எத்தனை அடீலீங்க?" என்றாள்.
உள்ளே ஒயரும்
யாரோ குடித்துப் போட்ட டீக் கப்பும்.
காளை பாதிதான் இருந்தது.
கேமரா பக்கம் கொம்பு,
மறுபக்கம் முட்டுக்கொடுத்த சவுக்குக் கம்பு.

ஏமாளி நாச்சிமுத்தாக வருகிறவர்
கோபியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார்.
இரண்டு மொழியிலும் ஹையர் பாஸ்.
விளக்கு எரிந்ததும் வேட்டியை ஏத்திக் கட்டி
எருமையை "வாங்கோ" என்றார்,
வழியில் நின்ற மின்கம்பத்தைச்
"சித்தெ நகருங்" என்றார்.
பலகையைத் தூக்கிக் காட்டும் முன்பே
சிரித்துத் தொலைத்துவிட்டோம்.
இரண்டுதரம் கட்.
"சொல்றப்ப மட்டும் சிரிங்கம்மா."

பட்டிக்காட்டுக் கூத்து என்று
சென்னைப் பத்திரிகை ஒன்று எழுதியது.
நம் பேச்சைக் கேலிப்பொருள் ஆக்குகிறார்கள் என்று
ஈரோட்டில் ஒரு பேராசிரியர் கூட்டம் போட்டார்.
இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம்.
எங்களை யாரும் கேட்கவில்லை.
பேங்க் மேனேஜர் வீட்டம்மா
"அதெல்லாம் நாங்க பாக்கறதில்லைங்" என்பார்.
மாமியாரிடம் நாச்சிமுத்து எத்தனை அடி வாங்கினார் என்பது
திங்கட்கிழமை காலையில்
அவருக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கும்.

நூற்றுப் பதினோராவது வாரம் நிறுத்தினார்கள்.
பார்க்க ஆள் இருந்தது.
பார்க்கிற ஆளிடம் கார் இல்லை என்றார்களாம்
விளம்பரக் கம்பெனியில்.
அடுத்த ஞாயிறு அதே ஏழு மணிக்கு
வெள்ளை சோபாவில் இரண்டு பேர்
ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.
தெருவில் தறிகள் ஓடின.

மகளுக்குச் சரவணம்பட்டியில் வேலை.
சென்னை மேலதிகாரியோடு பேசும்போது
வாக்கியத்தின் கடைசி 'ங்'கை விழுங்கிவிடுகிறாள்.
அது தொண்டையில் நிற்பது
எனக்கு மட்டும் கேட்கும்.

போன வாரம் அவள் போனில் ஒரு துண்டு.
யாரோ பழைய கேசட்டிலிருந்து எடுத்தது,
நிறம் வெளுத்து, ஓரமெல்லாம் நெளிந்து.
"ச்சே, இத்தனை மோசமாவா நம்மளக் காட்டுவாங்க?"
என்று ஆரம்பித்தவள்
மின்கம்பத்திடம் வந்ததும்
சோற்றுத் தட்டோடு புரையேறிப் போனாள்.
பலகை எதையும் யாரும் தூக்கவில்லை.

அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில்
பின்னால் தள்ளி, நிறுத்திப் பார்த்தேன்.
மூணாவது வரிசை, சம்பூரணத்துக்குப் பக்கம்.
ஒட்டின மூக்குத்தி லேசாக நழுவியிருக்கிறது.
கிராமத்துக்காரி வேஷத்தில்
கிராமத்துக்காரி ஒருத்தி
கூலிக்கு மேலேயே கைதட்டுகிறாள்.
இடது மணிக்கட்டில்
வெயில் படாத ஒரு பட்டை,
கடிகாரத்தின் அகலத்துக்கு,
வெளேரென்று.