சில்லறை

முதலில் நாணயங்களைத்தான் சந்தேகித்தேன்.
நூறு பேசோவை அரசாங்கம் சத்தமில்லாமல்
சிறிதாக வார்க்கிறது என்று
ரெமிஹியோவிடம் சொன்னேன்.
அவன் சிரிக்கவில்லை.
அரசாங்கத்தைப் பற்றி எது சொன்னாலும் நம்புகிறவன்.

வல்பராய்சோவில், குன்றின் மேலே
கயிறு இழுத்துப்போகும் மரப்பெட்டிக்கு
டிக்கெட் கிழிக்கிறேன், பதினாறு வருடமாக.
கண்ணாடியில் அரைவட்டமாய் ஒரு துளை.
ஜனங்களுக்கு நான்
அதில் வந்துபோகும் இரண்டு கைகள்.

சோப்பும் எண்ணெயும் நூலும் தோற்ற பிறகு
தீயணைப்பு நிலையத்தில் மோதிரத்தை வெட்டினார்கள்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்;
எனக்கு, வீக்கத்துக்குத் தகுந்த விரல்.
செருப்பு முப்பத்தேழிலிருந்து முப்பத்தொன்பது,
பிறகு ஆண்கள் பிரிவு.
"அப்பாவுக்கா?" என்றான் கடைப் பையன்.
ஆமாம் என்றேன்.
அப்பா செத்து இருபது வருடம்.

கீழ்ப்பற்கள் கோபித்துக்கொண்டவர்கள் மாதிரி
தள்ளித்தள்ளி உட்கார்ந்தன.
குரல் இறங்கியது, குறட்டை ஏறியது.
ஜூலைக் குளிரிலும் சட்டை நனைந்தது.
வயசு என்றாள் நாத்தனார். நாற்பத்து நான்கு.
ரெமிஹியோ தினமும் பார்த்த முகத்தைத்
தினமும் பார்த்தான்.
நகம் வளர்வதை யார் கண்டார்கள்?

அப்புறம் நோல்ஃபா வந்தாள்,
ஒன்பது வருடம் சரக்குக் கப்பலில் சமைத்துவிட்டு.
துளை வழியே காசை நீட்டி,
"இஸ்மேனியா இன்னும் இங்கேதானா?
நீங்கள் அவள் அண்ணனா?"
அவள் பின்னால் வரிசையில் எட்டுப் பேர்.
மீதியை எண்ணிக் கொடுத்தேன்.
"நோல்ஃபா, நான்தான்" என்றேன், அந்தக் குரலில்.
பெட்டி அவளை விட்டுவிட்டு மேலே போனது.

டாக்டர் ஆர்மிஹோ முதலில் கேட்டது
ரத்தம் இல்லை, போட்டோ.
பிஸ்கட் டப்பாவோடு போனேன்.
சீட்டாடுகிறவர்போல் மேசையில்
வருடவாரியாகப் பரப்பினார்.
கல்யாணம், யாரோ குழந்தைக்கு ஞானஸ்நானம்,
கடற்கரை, மறுபடி கடற்கரை.
"இவள் எப்போது போனாள்?" என்று கேட்டேன்.
எந்தச் சீட்டிலும் விரல் வைக்க
அவருக்கும் முடியவில்லை.

மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால்,
பட்டாணி அளவில் ஒரு சுரப்பி.
அதில் திராட்சை அளவில் கட்டி.
கல்லீரலுக்கு ஓயாமல் சொல்லியனுப்புகிறது: வளர், வளர்.
எலும்பு கேட்கிறது, நாக்கு கேட்கிறது,
இதயமும், என்றார், கொஞ்சம் மெதுவாக.
"அப்படியானால் உயரமாவது ஆகியிருக்கலாமே?"
சிறுவயதில் வந்திருந்தால் ஆகியிருப்பேனாம்.
இப்போது எலும்பின் கதவுகள் மூடிவிட்டன;
மேலே போக வழியில்லாத வளர்ச்சி
கையில், காலில், தாடையில் குடியேறுகிறது.

அக்ரோமெகலி.
பேருந்தில் ஏழு முறை சொல்லிப் பார்த்தேன்.
தீனி, சோம்பல், வயசு என்று
ஊர் வைத்திருந்த பெயரெல்லாம்
ஒரு நிறுத்தத்துக்கு ஒன்றாக இறங்கிப்போயின.
நான் மட்டும் இறங்க மறந்துவிட்டேன்.

இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் இருட்டு என்பது
பரிசோதனையில்தான் தெரிந்தது.
ஏறும் பெட்டியும் இறங்கும் பெட்டியும்
திடீர் திடீரென முளைத்தது அதனால்தான்.
கடலின் இரண்டு ஓரத்தையும் யாரோ மடித்துவிட்டார்கள்,
நான் நடுப்பக்கத்தையே கடல் என்றிருந்தேன்.

மூக்கு வழியே போய் எடுத்தார்கள்.
முழுதும் வரவில்லை.
இருபத்தெட்டு நாளுக்கு ஓர் ஊசி;
குளிர்பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் அதன் இடம்.
விரல்கள் கொஞ்சம் வடிந்தன.
தாடை அப்படியே.
எலும்பு, வாங்கியதைத் திருப்பித் தராத ஜாதி.
செருப்பில் அரை அளவு குறைந்ததற்கு
நோல்ஃபா கேக் செய்தாள். உப்பு அதிகம்.

புது அடையாள அட்டைக்கு உட்கார்ந்தபோது
"சிரிக்கக் கூடாது" என்றாள் அலுவலகப் பெண்,
பல்லை மறைத்தே பழகியவளிடம்.

இன்று காலை ஒரு சிறுவன்
துளைக்குள் கையை விட்டு
என் உள்ளங்கைமேல் வைத்து அளந்தான்.
"இதில் எவ்வளவு சில்லறை பிடிக்கும்?"
அடுக்கிப் பார்த்தோம்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
அவன் அம்மா கூப்பிடுகிறாள், நாற்பத்து மூன்று,
இடது ஓரத்தில் ஒரு கப்பல்
நான் திரும்பாமலே
நகர்கிறது.